இறந்தகாலத்தில எழுதாத ஒரு மனு

எங்கட சீனியர் சட்டத்தரணி, நாங்கள் சேர் எண்டு கூப்பிடுறவர், மோசம் போய் அந்தியேட்டிக்கு கல்வெட்டு எண்ட நினைவுப் புத்தகம் அடிக்கேக்க அவரின்ட மனுசி, எங்கட அன்ரி, என்னட்ட ஒரு பக்கம் எழுதித் தரச்சொல்லிக் கேட்டவா. பதினொரு வருசம் அவரிட்ட ஜூனியரா இருந்தனான், எழுத ஏலாமல் போச்சு. நேர்மையானவர், அன்பானவர், குடும்பத்துக்காக வாழ்ந்தவர் எண்டு எழுதிப் பாத்தன், எல்லாம் உண்மைதான், ஆனா எல்லாக் கல்வெட்டிலயும் அதே சொல்லுகள்தானே இருக்கு. அதால இப்ப ஒரு கேசை முழுசா எழுதுறன். அவர் ஆர் எண்டு எனக்கு விளங்கினது அந்தக் கேஸ்லதான். அந்தக் கேசோட வந்த அம்மாட்ட கேட்டு, அவா சம்மதிச்ச பிறகுதான் எழுதுறன், பெயர் போடேல்ல, ஆளைக் கண்டுபிடிக்கக் கூடிய ரெண்டு மூண்டு விசயத்தை மாத்தியிருக்கிறன்.

2012ல ஒரு பின்னேரம் அவா வெள்ளவத்தையில சேர்ட வீட்டு முன் அறைக்கு வந்தவா. அங்கதான் பின்னேரத்தில கட்சிக்காரர் வாறவை, பகல் முழுக்க புதுக்கடையில கோட்ஸ், பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு வீடு. கையில ஒரு ஷொப்பிங் பேக், அதுக்குள்ள பொலித்தீன்ல சுத்தின பேப்பர்கள். பொலிஸ் முறைப்பாட்டுக் கொப்பி, மனித உரிமை ஆணைக்குழுவுக்குக் குடுத்த கடிதம், செஞ்சிலுவைச் சங்கத்தில தேடச்சொல்லிப் பதிஞ்ச துண்டு, கலியாணப் பதிவு, அதுக்கு அடியில ஒரு பழைய சீதன உறுதி. 2007ல ஒரு காலமை அவான்ட மனுசன் புறக்கோட்டைக்கு வேலைக்குப் போறன் எண்டு வெளிக்கிட்டவர், 100 ஆம் நம்பர் பஸ்ல ஏறினதைப் பக்கத்துக் கடைக்காரர் கண்டவர், கடைக்குப் போய்ச் சேரேல்ல. அவ்வளவுதான் ஆருக்கும் தெரியும்.

பிரச்சினை காணி. யாழ்ப்பாணத்தில அவான்ட தாய் தகப்பன் சீதனமா எழுதிக் குடுத்த ஆறு பரப்பு (பரப்பு எண்டது எங்கட காணி அளவு), அதில ஒரு பழைய கல்வீடு. அஞ்சு வருசமா நகையெல்லாம் அடகுக்குப் போய் சீட்டுக்காசும் முடிஞ்சு, வாடகை வீட்டுக்காரர் ஒரு வருச அட்வான்ஸ் கேட்டு நிக்கிறார், ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள் படிக்கினம். மூண்டு பரப்பை விப்பம் எண்டு முடிவெடுத்து, வாங்கிறதுக்கு ஆளும் வந்து, விலையும் பேசி, கடைசியில உறுதி எழுதுற நொத்தாரிசு கேட்டிருக்கிறார், "கணவர் வந்து கையெழுத்து வைப்பாரோ?" எண்டு.

இது தெரியாத ஆக்களுக்காகச் சொல்லுறன். வடக்கைச் சேர்ந்த தமிழருக்கு தேசவழமை எண்டு ஒரு சட்டம் இருக்கு. ஒல்லாந்தர் காலத்தில, 1707ல, ஊர் வழக்கங்களைத் தொகுத்து எழுதினது, பிறகு வெள்ளைக்காரன் 1806ல அதைச் சட்டமா ஏத்துக்கொண்டான். முதுசம், சீதனம், தேடியதேட்டம் எண்டு நாங்கள் வாயால சொல்லுறதெல்லாம் அதில வாறதுதான். அதோட 1911ல வந்த யாழ்ப்பாண விவாக உரிமைச் சட்டப்படி கலியாணம் முடிச்ச பொம்பிளை தன்ட சொந்தக் காணியை, தாய் தகப்பன் குடுத்த சீதனமா இருந்தாலும், புருசன்ட எழுத்துச் சம்மதம் இல்லாமல் விக்கவோ ஈடு வைக்கவோ நன்கொடை எழுதவோ ஏலாது. மரணசாசனம் மட்டும் தன்ட பாட்டில எழுதலாம். 1923ல நாட்டில மற்றப் பொம்பிளையளுக்கு இந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டாங்கள், தேசவழமைப் பொம்பிளையளை விட்டிட்டாங்கள். வெள்ளவத்தையில ஒரே ஒழுங்கையில மட்டக்களப்புப் பிள்ளை ஒண்டும் கோண்டாவில் பிள்ளை ஒண்டும் இருந்தா, மட்டக்களப்புப் பிள்ளை தன்ட காணியைத் தானே விக்கலாம், மற்றவா புருசனைக் கூட்டிக்கொண்டு போகோணும். கொழும்பில இருபது வருசம் இருந்தாலும் அது விடாது, ஊரைவிட்டு வந்தாலும் சட்டம் ஆளோட வரும். சேர் இந்தச் சட்டத்தைப் பிழை எண்டு வெளிப்படையாச் சொல்லுறவர், தன்ட ரெண்டு மகள்மாரையும் இருத்தி வைச்சு இதைச் சொல்லிக் குடுத்தவர். எனக்கும் அதில ரெண்டாம் அபிப்பிராயம் இல்லை, நூறு வருசம் தாண்டியும் இது கிடக்கிறது பெரிய அநியாயம்.

சரி, நொத்தாரிசுக்கு என்ன செய்யிறது? அவர் சொன்னாராம், கணவர் இல்லாட்டி மரணச் சான்றிதழைக் கொண்டு வாங்கோ எண்டு. அந்த நேரம் அது லேசு. 2010ல ஒரு சட்டம் வந்தது, 19 ஆம் இலக்கம், யுத்தத்தால காணாமல் போய் ஒரு வருசத்துக்கு மேல தகவல் இல்லாத ஆக்களுக்கு மரணப் பதிவு செய்யலாம், சொந்தக்காரர் ஒரு சத்தியக்கடதாசி குடுத்தாக் காணும். அவா ஒரு ஒபிசுக்கு விசாரிக்கப் போக அங்க இருந்தவர் ஃபோமை நீட்டி, "இதில கையெழுத்தைப் போடுங்கோ அம்மா, ஒரு மாசத்தில வேலை முடிஞ்சிடும், காசும் கிடைக்கும்" எண்டிருக்கிறார். அவர் கெட்ட எண்ணத்தில சொல்லேல்ல எண்டுதான் நினைக்கிறன். ஆனா ஃபோம்ல என்ன இருக்கு? இவர் இறந்திட்டார் எண்டு நான் நம்புறன் எண்டு சத்தியம் பண்ணோணும்.

"நான் எப்பிடி ஐயா அவரைச் செத்தவர் எண்டு எழுதிக் குடுக்கிறது? நாளைக்கு வந்து நிண்டு ஏன் எழுதினனீ எண்டு கேட்டா?"

நான் அப்ப புதுசு, எனக்கு மனசுக்குள்ள என்ன ஓடினது எண்டதை மறைக்காமல் எழுதுறன். அஞ்சு வருசம் ஆச்சு, பிள்ளையளுக்குச் சாப்பாடு வேணும், ஒரு பேப்பர்தானே எண்டு நினைச்சனான். சேர் அப்பிடி நினைக்கேல்ல. கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்காமல் உறுதியைப் பிரிச்சு வாசிச்சவர், பிறகு, "தங்கச்சி, நீங்கள் அப்பிடி ஒண்டும் எழுதத் தேவையில்லை, வேற வழி இருக்கு" எண்டு சொல்லிப்போட்டு உள்ளுக்கு அன்ரியைக் கூப்பிட்டு தேத்தண்ணி கேட்டவர்.

அந்த வழி அதே 1911 சட்டத்துக்குள்ளதான் கிடக்கு. புருசன்ட சம்மதம் வேணும் எண்டு சொல்லுற சட்டமே, சில நேரத்தில அந்தச் சம்மதம் இல்லாமல் செய்யிறதுக்கு மாவட்ட நீதிமன்றம் அனுமதி குடுக்கலாம் எண்டும் சொல்லுது. கைவிட்டிட்டுப் போனா, புத்தி சுவாதீனம் இல்லாட்டி, நியாயமில்லாமல் மறுத்தா, இப்பிடி வரிசையா வந்து நடுவில ஒரு சின்னக் காரணம், அவர் இருக்கிற இடம் தெரியாட்டி. செத்தவர் எண்டு ஒரு இடத்திலயும் சொல்லத் தேவையில்லை. இருப்பிடம் தெரியாது, அவ்வளவுதான். அவாக்குத் தெரிஞ்ச உண்மையும் அதுதான்.

அடுத்தது எந்தக் கோட் எண்டது. பொம்பிளை இருக்கிற மாவட்டத்திலயும் போடலாம், காணி இருக்கிற மாவட்டத்திலயும் போடலாம். நான் யாழ்ப்பாணம்தான் நல்லம் எண்டன், அங்க வழக்கு தமிழ்ல நடக்கும், தேசவழமை கேஸ் தினமும் போறது, ஜட்ஜுக்கு ஒண்டும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. கொழும்பில எல்லாம் சிங்களத்தில, ஒவ்வொரு பேப்பரும் மொழிபெயர்க்கோணும், செலவு வேற. சேர் ரெண்டையும் சொல்லிப்போட்டு முடிவை அவாட்ட விட்டவர். அவா சொன்னது இண்டைக்கும் காதுக்குள்ள நிக்குது. "யாழ்ப்பாணம் போனா ஒரு இரவாவது நிக்கோணும் ஐயா. அவர் வந்தா வீட்டில ஆள் இருக்கோணும், நான் இந்த அஞ்சு வருசத்தில ஒரு இரவும் வெளியில படுக்கேல்ல." கொழும்பிலயே போட்டம்.

சத்தியக்கடதாசியை சேர் முதல்ல தமிழ்ல எழுதச் சொல்லுவார், கையெழுத்து வைக்கிற ஆளுக்கு விளங்கோணும் எண்டு, பிறகுதான் சிங்களத்துக்குப் போகும். நான் இரவிரவா ரைப் பண்ணி அடுத்த நாள் காலமை குடுத்தன். செத்த ஆளின்ட சொத்துக்குப் போடுற பழைய டெஸ்டமென்டரி கேஸ் ஒண்டின்ட மாதிரியைப் பாத்து அடிச்சதால ரெண்டாம் பந்தியில "காலஞ்சென்ற எனது கணவர்" எண்டு வந்திட்டுது. அதை அவர் ஒரு கோடு போட்டு வெட்டினார், நான் வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்டன், பரவாயில்லை எண்டார். ஆனா பென்சில் அதில நிக்கேல்ல. கீழ, "அவர் புறக்கோட்டையில் கணக்காளராக வேலை செய்தவர்" எண்டு இருந்தது. செய்தவர் எண்டதில "த" வுக்கு மேல சின்னதா ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில "ப" எண்டு எழுதினவர். வேலை செய்பவர். பிறகு பேப்பர் முழுக்க அதையே செய்துகொண்டு போனார், "இருந்தார்" இருக்கிறார் ஆச்சு, "கணவராக இருந்தவர்" கணவர் ஆவார் ஆச்சு, "பிள்ளைகளின் தந்தையாக விளங்கினார்" எண்டு நான் அழகுக்கு எழுதினதை முழுசா எடுத்துப்போட்டு "பிள்ளைகளின் தந்தை" எண்டு மட்டும் விட்டவர். காணாமல் போன அண்டைக்கு நடந்ததுகள் மட்டும் இறந்தகாலத்தில இருந்தது. "பிள்ளை, எங்கட இலக்கணத்தில அந்தக் காலத்துக்குப் பேரே இறந்தகாலம் எண்டுதான் வைச்சிருக்கு. அவாவை அதில கையெழுத்து வைக்கப் பண்ணக் கூடாது."

மொழிபெயர்ப்பாளரிட்டயும் அவரே நேர போய் ஒவ்வொரு வினைச்சொல்லா இருந்து பாத்துச் சரிபண்ணினவர். அந்தாள் கொஞ்சம் அலுத்துக்கொண்டது, சேர் கணக்கெடுக்கேல்ல. பிறகு கையெழுத்து வைக்கிற அண்டைக்கு முழுக்கடதாசியையும் தமிழ்ல அவாக்கு மெதுவா வாசிச்சுக் காட்டினவர். "வேலை செய்பவர்" எண்ட இடத்தில அவா தலையை நிமித்தி ஒருக்கா அவரைப் பாத்தவா, ஒண்டும் சொல்லேல்ல.

மனுவில காணியைப் பற்றி ஒரு பந்தி. ஆறு பரப்புக்கும் அனுமதி கேக்கலாம், கோட் குடுக்கவும் கூடும், எப்பவும் ஒருக்காவே முழுசாக் கேட்டு வைக்கிறது லாபம் எண்டுதான் எங்களுக்குப் படிப்பிச்சது. சேர் மூண்டு பரப்புக்கு மட்டும் கேட்டார், வீடு நிக்கிற பக்கத்தைத் தொடேல்ல. அவர் வந்தா போய் இருக்க ஒரு வீடு வேணும் எண்டு அவா சொல்லியிருந்தவா, அதை அவர் ஒரு இன்ஸ்ட்ரக்ஷனா எடுத்துக் குறிச்சு வைச்சிருந்தார், மற்றக் கட்சிக்காரர் காணி எல்லை சொல்லேக்க குறிக்கிற மாதிரியே, நம்பர் போட்டு.

மனுவில எதிர் மனுதாரர் ஆர்? புருசன்தான். அவருக்கு அறிவிக்கோணும், கடைசியா இருந்த விலாசத்துக்கு நோட்டீஸ் போகோணும், அது அவான்ட வீட்டு விலாசமேதான், கோட் நோட்டீஸ் குடுக்கிற பிஸ்கல்காரர் வந்து அவாட்டயே குடுக்கப் பாத்து, ஆள் இல்லை எண்டு எழுதிக்கொண்டு போனவர். பிறகு பேப்பர்ல போடச்சொல்லி கோட் சொன்னது. தமிழ்ப் பேப்பர்ல ஒரு மூலையில சின்ன அறிவித்தல், இன்னார் இன்ன திகதியில் காலை 9.30 மணிக்கு கொழும்பு மாவட்ட நீதிமன்றில் தோன்றி ஆட்சேபனை இருப்பின் தெரிவிக்கவும். எங்களுக்கு அது ஒரு ஸ்டெப், அடுத்த தவணைக்குப் போறதுக்கான ஒரு பேப்பர். அவா அந்த அறிவித்தலை வெட்டி, லமினேட் பண்ணி, சாமியறையில வைச்சிருக்கிறா எண்டு பிறகுதான் தெரிஞ்சது. அஞ்சு வருசமா எல்லா இடத்திலயும் அவரைக் காணேல்ல, செத்திட்டார், காசு எடுங்கோ எண்டுதானே சொன்னவை, முதல் தரமா அரசாங்கத்தின்ட ஒரு பேப்பர் அவரை வாங்கோ எண்டு கூப்பிட்டிருக்கு.

அந்தத் தவணை அண்டைக்கு நடந்தது. காலமை எட்டு மணிக்கே அவா வந்திட்டா. நல்ல பட்டுச் சேலை, தலையில பூ, பொட்டு. கதவைப் பாத்த மாதிரி கடைசி வாங்கில். நான் பார் டேபிள்ல ஃபைலோட இருக்கிறன், சேர் எனக்குப் பக்கத்தில. கேஸ் நம்பர் வந்தது, எதிர் மனுதாரரைக் கூப்பிடச் சொன்னது, கோட்டில அது வழமை, கோட் மொழிபெயர்ப்பாளர், முதலியார் எண்டு சொல்லுறது, பேரைச் சொல்ல வெளி வாசல்ல நிக்கிறவர் மூண்டு தரம் சத்தமாக் கூப்பிடுவார். முதல் தரம் கூப்பிடேக்க நான் திரும்பிப் பாத்தன், அவா எழும்பி நிக்கிறா. கண் முழுக்க வாசல்ல.

பக்கத்தில பாத்தா சேர் இல்லை. கறுப்புக் கோட்டோட நடந்து பின்னுக்குப் போய் அவாக்குப் பக்கத்தில நிக்கிறார். ரெண்டாம் தரம் கூப்பிட்டது. மூண்டாம் தரம் கூப்பிட்டது. ஜட்ஜ் நிமிர்ந்து, சட்டத்தரணி எங்க எண்டு என்னைப் பாத்தார், நான் எழும்பி நிண்டன், வாய் வரேல்ல. ஜட்ஜும் பின்னுக்குப் பாத்து விளங்கியிருக்கோணும், ஒண்டும் சொல்லாமல் பேனையை வைச்சிட்டு இருந்தவர். அவா தானா இருந்த பிறகுதான் சேர் முன்னுக்கு வந்து, பிந்தினதுக்கு மன்னிப்புக் கேட்டு, தன்ட சப்மிஷனைத் தொடங்கினவர். நாலு நிமிசம்கூட வராது. அடுத்த தவணையில ஓடர் வந்தது, கேட்ட மாதிரியே, மூண்டு பரப்பு. காணி வித்து, அட்வான்ஸ் கட்டி, நகையில கொஞ்சம் மீட்டு, மூத்தவள் படிச்சு முடிச்சு இப்ப வேலையில இருக்கிறாள்.

2016ல சட்டத்தைத் திருத்தினவை, இறந்திட்டார் எண்டு சொல்லாமல் ஆள் காணாமல் போயிருக்கிறார் எண்டு மட்டும் சொல்லுற ஒரு சான்றிதழ் எடுக்கலாம் எண்டு வந்தது. சேர் அந்த வர்த்தமானியை வாசிச்சிட்டு அவாக்கு ஃபோன் எடுத்துச் சொன்னவர். நாலு வருசம் முந்தி ஒரு பென்சிலால அவர் செய்தது இதைத்தானே எண்டு நான் நினைச்சனான்.

கேஸ் இதோட முடிஞ்சது. ஆனா ஏன் அவருக்கு இது இப்பிடி விளங்கினது எண்டதை நான் செத்தவீட்டிலதான் அறிஞ்சன்.

அவரைத் தெரிஞ்ச எல்லாருக்கும் பன்ரண்டரை மணி தெரியும். கோட் எவ்வளவு இழுபட்டாலும் பன்ரண்டரைக்கு வெளியில வந்து வீட்டுக்கு ஒரு கோல் எடுப்பார். மொபைல் வர முந்தி கன்ரீன் ஃபோன்ல வரிசையில நிண்டு எடுத்தவராம். பெரிசா ஒண்டும் கதைக்கிறேல்ல, "சாப்பிட்டியளோ? பிள்ளை வந்திட்டாளோ? சரி." அவ்வளவுதான். மூத்த மகள் ரொறன்ரோ போன பிறகு அவாக்கும் ஒண்டு, அங்க விடியப்புறம் ரெண்டு மூண்டு மணி, அதால மெசேஜ் மட்டும். சனிக்கிழமை கேஸ் சம்பந்தமா ஆரும் வரக் கூடாது, அண்டைக்கு அன்ரியோட மார்க்கெட், பிறகு பேரப்பிள்ளையை வீணை கிளாசுக்குக் கூட்டிக்கொண்டு போய் வெளியில பேப்பரோட இருக்கிறது. ஜூனியர்மார் நாங்கள் குடும்பத்தில சரியான பாசம் எண்டு சொல்லுவம். 1974ல அட்வகேட், புரொக்ரர் எண்ட பிரிவை எடுத்து எல்லாரையும் சட்டத்தரணி ஆக்கேக்க அவர் கடைசி புரொக்ரர்மாரில ஒராள், அவரோட சேந்தவை கன பேர் பெரிய பேர் எடுத்தவை, இவர் பின்னேரம் வீட்டு முன் அறையை விட்டு எங்கயும் போகேல்ல.

கனத்தை மயானத்தில எல்லாம் முடிஞ்சு வந்து வீட்டில இருக்கேக்க அன்ரி சொன்னவா. 1983 ஜூலைக் கலவரம், 25 ஆம் திகதி, திங்கக்கிழமை, சேர் புதுக்கடையில. அன்ரி கைக்குழந்தையோட வெள்ளவத்தையில. வீடு எரிஞ்சுது, பக்கத்து வீட்டுச் சிங்கள ஆக்கள் பின் மதிலால எடுத்து விட்டு, பிறகு பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாம். சேர் ஆரோவின்ட வானில ஒளிச்சு வந்து எரிஞ்ச வீட்டைத்தான் கண்டவர். பிறகு ரத்மலானை முகாமுக்குப் போய் அங்க ஒவ்வொரு ஆளாப் பாத்தவர். அஞ்சு நாள். அஞ்சாம் நாள்தான் பம்பலப்பிட்டியில கண்டது. "அந்த அஞ்சு நாளும் இவரோட இருந்தவர் ஒராள், மனசைத் தேத்துங்கோ, ரெண்டு பேரும் போயிருப்பினம், அழுது முடியுங்கோ எண்டு சொல்லிக்கொண்டே இருந்தாராம் பிள்ளை. நல்ல மனிசன்தான் அவர், ஆறுதலுக்குத்தான் சொன்னது. ஆனா இவர் அந்தாளை அதுக்குப் பிறகு ஒருநாளும் முகம் குடுத்துக் கதைச்சதில்லை." அவர் இதை ஒருக்கால்கூட எங்களுக்குச் சொல்லேல்ல. அண்டைக்குக் கைக்குழந்தையா இருந்தது ரொறன்ரோவில இருக்கிற மகள்.

செத்தவீட்டுக்கு அந்த அம்மாவும் வந்தவா, அன்ரிக்குப் பக்கத்தில நிலத்தில இருந்து பின்னேரம் மட்டும் கையை விடேல்ல. பொட்டோடதான் வந்தவா.

போன கிழமை திரும்ப வந்தா, அதே முன் அறைக்கு, இப்ப அதில நான் இருக்கிறன், அன்ரி கேஸ்களை என்னட்டத்தான் தந்திருக்கிறா. மிச்ச மூண்டு பரப்பையும் வீட்டையும் மூத்தவளுக்கு நன்கொடை உறுதியா எழுதோணுமாம், தனக்கும் அவருக்கும் சீவிய உரித்து, உயிரோட இருக்குமட்டும் அனுபவிக்கிற உரிமை, வைச்சு. அவருக்கும் எண்டு அழுத்திச் சொன்னவா. முந்தின ஓடர் வித்த மூண்டு பரப்புக்கு மட்டும்தான், இதுக்குத் திரும்ப மனு, திரும்ப நோட்டீஸ், திரும்பப் பேப்பர்ல அறிவித்தல். பழைய ஃபைலை எடுத்தன், பென்சில் கொஞ்சம் மங்கியிருக்கு, "த" வைச் சுத்தின வட்டம் மட்டும் நல்லாத் தெரியுது. ரெண்டாம் பந்தியை அப்பிடியே எடுத்து அடிச்சன். அவர் புறக்கோட்டையில் கணக்காளராக வேலை செய்பவர்.

அடுத்த மாசம் தவணை. ஃபைலைப் பாக்கிறதுக்கு இன்னொரு பிள்ளையைக் கேட்டு வைச்சிருக்கிறன், பேர் கூப்பிடேக்க நான் கடைசி வாங்கில இருக்கோணும்.